ஓடைப்பட்டிக் கரட்டில் ஒரு சிறுத்தைக் குட்டி

எங்கள் மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு உத்தமபாளையம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகள் முடிவதாகவே இல்லை. சமைத்தால் மிஞ்சியது. டிவியைப் போட்டால் இரண்டு பேருமே பார்க்கவில்லை. அந்த நாட்களில்தான் என் கணவர், லோயர் கேம்ப் மின்நிலையத்தில் தன்னோடு வேலை பார்த்து மாற்றலாகிப் போன ஒருவரிடமிருந்து பழைய பைனாகுலர் ஒன்றை வாங்கி வந்தார். முதலில் மொட்டை மாடியில் நின்று பக்கத்துத் தெருத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தோம். அப்புறம் தொட்டி மேல் உட்கார்ந்திருந்த மீன்கொத்தியைப் பார்த்தோம். மறுவாரம் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

எனக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சின்னதைப் பெரிதாக்கிப் பார்ப்பவள். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவருவது அதைவிடச் சுலபம் என்று நினைத்தேன். அப்படி இல்லை. வரப்பில் நின்ற வெள்ளைக் கொக்கு, கிட்டப் போனால் உரச்சாக்கு. கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான், கிழிந்த கறுப்பு பாலிதீன். சுருளி போகிற வழியில் ஒரு பண்ணை வீட்டுக் குளக்கரையில் நாரை ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. அதன் பொறுமையை என் கணவர் வெகு நேரம் வியந்துகொண்டிருந்தார். பண்ணையின் காவல்காரர் வந்து அதன் அலகில் வாளியை மாட்டிவிட்டுக் கை கழுவியபோதுதான் அது சிமெண்டு நாரை என்று தெரிந்தது.

ஓடைப்பட்டிப் பக்கம் இந்த ஏமாற்று இன்னும் அதிகம். திராட்சைப் பந்தலுக்கு மேல் மூங்கில் கழியில் துணிப் பருந்தைக் கட்டிப் பறக்க விட்டிருப்பார்கள். காற்று அடிக்கும்போது அது இறக்கையைச் சாய்த்துத் திரும்புவதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. கொய்யாக் கிளையில் ரப்பர் பாம்பு சுற்றியிருக்கும். கிளிக்கும் குரங்குக்கும் மயிலுக்கும் வைத்த பொய்யில் நாங்கள் போய் விழுந்தோம். வீட்டுக்கு வந்து மகளுக்கு போனில் சொன்னால் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே ஏமாந்த கதைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன்.

சிறுத்தையைப் பார்த்தது ஓர் ஆவணி மாதக் காலையில். ஓடைப்பட்டியைத் தாண்டி மலையை நோக்கிப் போகும் மண்பாதையில், திராட்சைப் பந்தல்கள் முடிந்து மக்காச்சோளம் ஆரம்பிக்கிற இடம். சோளத்துக்கு அந்தப் பக்கம் கரடு. கற்றாழையும் முள்ளும் பெரிய பெரிய பாறைகளும். அதற்கு மேல் மேகமலைச் சரிவு தொடங்கிவிடும். வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்தார். பைனாகுலரை என் கையில் கொடுத்து, கரட்டின் பாதி உயரத்தைக் காட்டினார்.

பாறை மேல் அது படுத்திருந்தது. முன்னங்கால்களை நீட்டி, தலையை நிமிர்த்தி, எங்களைப் பார்த்தபடி. வெயில் சாய்வாக விழுந்து மஞ்சள் தோலும் கறுப்புப் புள்ளிகளும் தெளிவாகத் தெரிந்தன. சின்ன உடம்பு.

"குட்டி," என்றார் என் கணவர், மூச்சோடு மூச்சாக. "ஒரு வயசு இருக்கும்."

"அசையவே இல்லையேங்க."

"சிறுத்தை அப்படித்தான் கெடக்கும். வயிறு நெறஞ்சிருக்கும்."

சோளத்துக்குள் ஒரு மனிதர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். நாற்பதை ஒட்டிய வயது. கைலியை மடித்துக் கட்டி, முழங்கால் வரை சேறு. கரட்டுக்கு முதுகைக் காட்டியபடி மடையைத் திருப்பிக்கொண்டிருந்தார். குரல் எழுப்பாமல் கையைக் காட்டிக் கூப்பிட்டோம். மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு அவர் நிதானமாக வந்தார்.

"அண்ணே, திரும்பாம கேளுங்க," என்றேன். "அங்கன பாறை மேல சிறுத்தைக் குட்டி ஒண்ணு படுத்திருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். முகத்தில் பயம் இல்லை. ஆச்சரியமும் இல்லை. ஏதோ சொல்ல வந்து, அதை விழுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"குட்டியா?" என்றார்.

"குட்டிதான்," என்றார் என் கணவர். "அதோட ஆத்தா கிட்டத்துல எங்கயாச்சும் இருக்கும். அதுதான் ஆபத்து. நீங்க தனியா நிக்காதீங்க."

அவர் சேற்றுக் காலை வரப்புப் புல்லில் தேய்த்தார். மோட்டார் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆத்தா வர்றதில்ல சார். அது மட்டும்தான் கெடக்கும்."

"முன்னாடியே பாத்திருக்கீங்களா?"

"ரொம்ப நாளா இருக்கு. ஒண்ணும் பண்ணாது."

கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, பைனாகுலரைத் தரச் சொன்னார். அதைக் கண்ணில் வைக்கத் தெரியவில்லை. நான்தான் சக்கரத்தைத் திருப்பிக் காட்டினேன். பிடித்த பிறகு அவர் அதை இறக்கவே இல்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. மடை நிரம்பித் தண்ணீர் பாதைக்கு வந்து என் செருப்பை நனைத்தது.

"மூச்சு விடுறது தெரியுமா இதுல?" என்று கேட்டார்.

"நல்லா உத்துப் பாத்தாத் தெரியும்," என்றார் என் கணவர்.

அவர் இன்னும் கொஞ்சம் பார்த்தார். கொடுக்கும்போது கண் வைக்கிற இடத்தை விரலால் துடைத்தார். "வேர்வை பட்டுருச்சு," என்றார். பிறகு, "பாரஸ்ட்காரகளுக்குச் சொல்லிராதீக சார். கூண்டு வெச்சுப் பிடிச்சுட்டுப் போயிருவாக. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்," என்றார்.

அந்த மனிதரை எங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சோளத்தைத் தின்ன வரும் காட்டு உயிர்களை அடித்து விரட்டுகிற ஊரில், ஒரு சிறுத்தைக்காக இப்படிப் பரிந்து பேசுகிறாரே என்று திரும்பி வரும்போது என் கணவர் சொல்லிக்கொண்டே வந்தார். அன்று சாயங்காலம் மகளுக்கு போன் செய்து சொன்னோம். போட்டோ கேட்டாள். செல்போனில் எடுத்தது ஒரு மஞ்சள் பொட்டாகத்தான் இருந்தது. "இதுவும் சாக்குதானம்மா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓடைப்பட்டிதான். அடுத்த முறை போனபோது அது அதே பாறையில் இல்லை. கொஞ்சம் கீழே, ஒரு உசில மரத்தடியில் இருந்தது. அதற்கடுத்த வாரம் வேறொரு பாறையின் நிழலில். இடம் மாறுகிறது என்பதே எங்களுக்குப் போதுமாக இருந்தது. போதாததற்குக் குரங்குகள். கரட்டு மேல் மரங்களில் ஒரு பட்டாளமே உட்கார்ந்து சோளத்தை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றுகூட இறங்காது. குரங்குக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது?

ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று உறுத்த ஆரம்பித்திருந்தது. எந்த இடத்தில் படுத்திருந்தாலும் அதன் முகம் தோட்டத்தையே பார்த்திருந்தது. மலையைப் பார்த்து ஒரு நாளும் படுக்கவில்லை. முதுகைக் காட்டவில்லை. தூங்கவில்லை. லேபில் மைக்ராஸ்கோப்பைக் குனிந்து பார்க்கும்போது, வட்டத்துக்குள் ரத்த அணுக்களுக்குப் பதில் அந்த முகம் வந்து நிற்கும். நிமிர்ந்து கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி குனிவேன். வீட்டில் துணி மடிக்கும்போது, யாரோ பின்னால் நின்று பார்க்கிற மாதிரி இருக்கும். என் கணவரிடம் சொல்லவில்லை. அவர் சிறுத்தைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது அதைப் பற்றித்தான் பேச்சு. தாயைப் பிரிந்த குட்டி எத்தனை காலம் ஒரே இடத்தில் இருக்கும், என்ன தின்னும் என்று.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிறு, கிளம்பும்போது தூறல், ஓடைப்பட்டி போவதற்குள் நல்ல மழை. புளியமரத்தடியில் ரெயின்கோட்டோடு நின்று பார்த்தோம். அது வெட்டவெளிப் பாறையில் படுத்திருந்தது. மழை அதன் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பாறைக்கடியில் ஒதுங்க இடம் இருந்தது. அது ஒதுங்கவில்லை. தலையைக்கூட உதறவில்லை.

"செத்துருச்சு," என்றார் என் கணவர்.

தோட்டத்தில் யாரும் இல்லை. என் கணவர் சோளத்துக்குள் இறங்கிவிட்டார். நான் கூப்பிட்டேன், கேட்கவில்லை. நானும் பின்னால் போனேன். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டேன். முள்ளில் கோட்டு கிழிந்தது. கரட்டில் ஏறி அந்தப் பாறையை நெருங்கியபோது என் கணவர் கொஞ்ச தூரத்தில் அப்படியே நின்றுவிட்டார். பிறகு சிரித்தார்.

பஞ்சுப் பொம்மை. கடையில் விற்பார்களே, சின்னப் பிள்ளை உயரத்துக்குப் பெரிய பொம்மை, அது. வெயிலில் மஞ்சள் வெளுத்து, நிஜத் தோலின் நிறத்துக்கு வந்திருந்தது. ஈரத்தில் ஊறி வயிறு தரையோடு படிந்திருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. மகளுக்கு என்ன சொல்லப் போகிறோம் என்று நினைத்தபடி குனிந்தேன்.

கிட்டத்தில் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வயிற்றில் பிரிந்திருந்த தையலை யாரோ நீல நூலால் நெருக்கி நெருக்கித் தைத்திருந்தார்கள். கழுத்தில் சிவப்புக் கயிறு, கோயிலில் பிள்ளைகளுக்குக் கட்டுவது. வால் நுனியில் தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்ட். முன்னங்கால் நகங்கள் பிளாஸ்டிக். அவற்றில் ரோஸ் கலர் நெயில் பாலிஷ் பூசியிருந்தது. ஒரு நகத்தில் விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது. பெரியவர்கள் பூசினால் அப்படி வழியாது.

என் கணவர் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கீழே சோளம் சலசலத்தது. அந்த மனிதர் ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் நீலத் தார்ப்பாய் சுருட்டி வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார். ஓடவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. நேராக வந்து, பொம்மையைத் தூக்கிப் பாறைக்கடியில் வைத்து, தார்ப்பாயைச் சுற்றினார். தூக்கும்போது ஒரு கையைத் தலைக்குக் கீழே கொடுத்துத் தூக்கினார்.

"நனைஞ்சுருச்சு," என்றார். "டவுனுக்குப் போயிருந்தேன். வர லேட்டாயிருச்சு."

நாங்கள் மூன்று பேரும் பாறைக்கடியில் குந்தி உட்கார்ந்தோம். மழைக்குள் பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

வீரபாண்டித் திருவிழாவில் வாங்கியதாம். கடையில் எல்லாவற்றுக்கும் மேலே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மகள் அதைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள். "வண்டியில அவ நடுவுல, அது பின்னால. அவ அம்மா ஊருக்கு பஸ்ல வந்தா. இதுக்கு எடம் வேணும்ல," என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

"பிள்ளைக்கு என்னாச்சுண்ணே?" என்று கேட்டேன்.

"காய்ச்சல்தாம்மா. கம்பத்துல பாத்தாக. ரத்தம் எடுத்தாக. அப்புறம் தேனிக்குக் கொண்டுபோகச் சொன்னாக. நல்லாத்தான் பேசிக்கிட்டு வந்தா."

எப்போது என்று கேட்டேன். அது எந்த மழைக்காலம் என்று சொன்னார். அந்த மழைக்காலத்தில் நான் கம்பத்து லேபில்தான் இருந்தேன். காய்ச்சல் பிள்ளைகள் வரிசையாக வந்த மாதங்கள் அவை. ஊசியைக் கண்டு அழும் பிள்ளைகளிடம் "அங்க பாரு, ஜன்னல்ல பல்லி" என்று சொல்லிவிட்டு ரத்தம் எடுப்பேன். இல்லாத பல்லியை அவர்கள் தேடுவார்கள். அந்த முகங்களில் அவர் மகளின் முகம் இருந்ததா என்று எனக்கு ஞாபகம் இல்லை. இருந்திருக்கலாம். அதைத்தான் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன். அவரிடம் நான் லேபில் வேலை பார்ப்பதைச் சொல்லவில்லை.

"பீரோ மேல கெடந்துச்சு," என்று அவர் தொடர்ந்தார். "அவ அம்மா அதைப் பாக்க மாட்டா. எடுக்கவும் விட மாட்டா. அந்த ரூமுக்குள்ளயே போகாம ஹால்லயே படுத்துக்கிட்டா. ஒருநா அவ பொறந்த வீட்டுக்குப் போயிருந்தப்ப எடுத்துட்டு வந்துட்டேன். போடியில எங்க அண்ணன் வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்துட்டேன்னு சொன்னேன். அவ ஒண்ணும் கேக்கல."

"இங்கன கொண்டுவந்து வெச்சீங்க," என்றேன்.

"கொரங்குக்குன்னு சொல்லிக்கிட்டேன். ஒரே எடத்துல இருந்தா கொரங்கு கண்டுபிடிச்சிரும். அதான் மாத்தி மாத்தி வெப்பேன். எங்க வெச்சாலும் தோட்டத்தைப் பாத்தாப்புல வெப்பேன்."

என் கணவர் கேட்டார், "அன்னைக்கே எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே?"

அவர் தார்ப்பாயின் நுனியை மடித்து மடித்துப் பிரித்தார்.

"சொல்லத்தான் வந்தேன் சார். நீங்க குட்டின்னு சொன்னீக. ஒரு வயசுன்னு சொன்னீக. மூச்சு விடுறது தெரியும்னு சொன்னீக. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்குச்சு."

மழை விட்டதும் இறங்கினோம். விட்டுப்போன செருப்பை அவரே சேற்றிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுத்தார். மகள் போன் செய்தாள். இன்றைக்கு மழை, போகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

போகாமல் இருந்திருக்கலாம். என் கணவர் வேறு பக்கம் போவோம் என்றுதான் சொன்னார். ஆனால் ஞாயிறு வந்ததும் வண்டி தானாக அந்தப் பாதையில் திரும்பியது. நாங்கள் வராவிட்டால் அதைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. புளியமரத்தடியில் நின்று, முன்பு பார்த்த மாதிரியே பார்த்தோம். அவரும் மண்வெட்டியை வைத்துவிட்டு வருவார். "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்பார். "நல்லா வெயில் காயுது," என்பார் என் கணவர். மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் அப்படித்தான் பேசிக்கொண்டோம். அதில் விளையாட்டு எதுவும் இல்லை.

கார்த்திகையில் ஒரு காலை, அவரோடு ஒரு பெண் நின்றிருந்தார். திராட்சை வெட்டப் போகும் பெண்கள் போடுவதுபோல் சேலைக்கு மேல் ஆண் சட்டை, தலையில் துண்டு. கையில் தூக்குவாளி. பார்த்ததுமே யாரென்று தெரிந்தது. அந்த மனிதருடைய முகம் வெளிறிப்போயிருந்தது. எங்களைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்கிறாரா, காப்பாற்றுங்கள் என்கிறாரா என்று புரியவில்லை.

"கண்ணாடி வெச்சுப் பாக்குறவுக நீங்கதானாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டார். "வெட்டுக்கு வர்ற பொம்பளைக சொன்னாக, எங்க தோட்டத்து மேல சிறுத்தை படுத்திருக்குன்னு. ஊரே பேசுது. இவுக எனக்குச் சொல்லவே இல்ல."

"சொன்னா நீ பயப்படுவ," என்றார் அவர்.

"நான் என்னத்துக்குப் பயப்படப் போறேன்."

கையை நீட்டினார். என் கணவர், "இன்னைக்கு வெளிய வரலைம்மா," என்று ஆரம்பித்தார். ஆனால் அது எதிரே தெரிந்துகொண்டிருந்தது. வெறும் கண்ணுக்கே ஒரு மஞ்சள் தீற்றலாகத் தெரிந்தது. நான் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்தேன்.

அவர் புருஷனைப்போல் தடுமாறவில்லை. ஒரே முறையில் பிடித்துவிட்டார். தூக்குவாளியைத் தரையில் வைக்க மறந்துபோய் முழங்கையில் மாட்டியிருந்தார். அது மெதுவாக ஆடி நின்றது. பந்தலுக்குள் கிளிகள் கத்தின. யாரோ ஒரு பெண் தூரத்தில் இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். அவருடைய முதுகைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. எனக்கு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

"வாலை ஆட்டுது," என்றார் அந்தப் பெண்.



பைனாகுலரைப் புருஷனிடம் கொடுத்தார். "பாருங்களேன். ஆட்டுதுல்ல?"

அவர் வாங்கிப் பார்த்தார். "ஆமா," என்றார். "ஆட்டுது."

என் கணவர் பார்த்தார். "ஆமாம்மா," என்றார்.

பிறகு என் கைக்கு வந்தது. கண்ணில் வைத்தேன். பாறை இருந்தது. அது இருந்தது. முகத்தைத் தோட்டத்தின் பக்கம் திருப்பி, முன்னங்கால்களை நீட்டி. என் கை நடுங்கியதில் வட்டத்துக்குள் எல்லாமே ஆடின. பாறை ஆடியது, கற்றாழை ஆடியது, அதன் பின்னால் மலையும் ஆடியது. அவற்றுக்கு நடுவில் அதுவும் எழுந்து எழுந்து உட்கார்ந்தது.

"ஆட்டுது," என்றேன்.

அந்தப் பெண் மரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். இட்லி. பூவரச இலை பறித்து வைத்து எங்களுக்குப் போட்டார். சாப்பிட மாட்டோம் என்று சொல்லத் தைரியம் இல்லை. நாங்கள் சாப்பிடும்போது கரட்டைப் பார்த்தபடி, "மேல குளிரும்லக்கா?" என்றார். "கார்த்திகையில காத்து இங்கனயே இந்தப் போடு போடுது." பிறகு எனக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். ஒரு மகள், கோயம்புத்தூரில் படிக்கிறாள் என்றேன். "போன் பண்ணுவாளா?" என்றார். "பண்ணுவா," என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று அன்று முழுக்க நாங்கள் பேசினோம். என் கணவர், தெரியாது, நம்பிவிட்டார் என்றார். நான், தெரியும் என்றேன். தான் தொட்டுத் தூக்கி வைத்த பொம்மையை ஒரு தாய்க்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் புருஷன் சொன்னார். அன்று சாயங்காலம் அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியும்போது வீட்டில் ஆளைக் காணோம். தோட்டத்துக்கு ஓடிவந்து பார்த்தால், கரட்டு மேல் இரண்டு தென்னங்கீற்றைப் பாறையோடு சாய்த்துக் கூரை போட்டுக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்து, "நீங்க தண்ணி பாய்ச்சுங்க. இனிமே இதை நான் பாத்துக்கிறேன்," என்றாளாம். அவ்வளவுதான். போடியைப் பற்றி அவள் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

அதிலிருந்து அவள்தான் காலையில் ஏறி இடம் மாற்றினாள். சாயங்காலம் கூரைக்கடியில் கொண்டுபோய் வைத்தாள். ஹாலை விட்டு ரூமுக்குள் போய்ப் படுக்க ஆரம்பித்திருந்தாள். வெட்டுக்கு வந்த பெண்கள் எல்லோருக்கும் அது பொம்மை என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் பாதையில் புதிதாக வந்த ஆட்டுக்காரர் ஒருவரைப் பார்த்து ஒரு பெண் சத்தம் போட்டதை நானே கேட்டேன்: "அங்கிட்டு ஓட்டாதீக. சிறுத்தை இருக்கு." அவள் குரலில் துளிச் சிரிப்பு இல்லை.

எனக்குத்தான் அதைப் பார்க்கப் பயமாகிவிட்டது. பொம்மை என்று தெரியாதபோது வந்த பயம் வேறு. இது கண்ணாடிக்குள் ஒரு பெண் அதன் பக்கத்தில் குந்தி அமர்ந்து வாயசைப்பதைப் பார்க்கிற பயம். என்ன பேசினாள் என்று கேட்கும் தூரத்தில் நாங்கள் இல்லை. ஒருமுறை பேச்சை நிறுத்தி, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் தலையைச் சாய்த்தாள். நான் பைனாகுலரை இறக்கிவிட்டேன்.

தை பிறந்து கொஞ்ச நாளில், வேலை நாள் ஒன்றில் அவர் என் கணவருக்கு போன் செய்தார். "சார், அதைக் காணோம்," என்றார். நான் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நாங்கள் போனபோது பாறையருகே அவரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். யானை அகழியைப் பார்க்க வந்த வனக்காவலர் ஒருவரும் இருந்தார். ஒரு கீற்று சரிந்து கிடந்தது. கூரைக்கடியிலிருந்து மேல் நோக்கிப் புல் சாய்ந்திருந்தது. முள்ளில் ஓரிடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஓடை வரை அந்தத் தடம் போனது. ஓடைக்கு அந்தப் பக்கம் வெறும் பாறை, தடம் இல்லை. ஓடைக்கரை ஈரத்தில் பாதி கரைந்த ஒரு கால்சுவடு. காவலர் குனிந்து பார்த்தார், கையை வைத்து அளந்தார், மறுபடி பார்த்தார்.

"நாயா இருக்கலாம். பெரிய நாய்," என்றார். "இல்ல நெசமான சிறுத்தையே வாசனை பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாம். இந்தச் சுவட்டை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பொம்மைதானம்மா, விடுங்க."

அந்தப் பெண் அவரைக் கவனிக்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாயா இருந்தா இங்கனயே கடிச்சுப் பிச்சுப் போட்டிருக்கும்," என்றாள் கடைசியில். "கூட்டிட்டுத்தான் போயிருக்கு."

ஓடையைத் தாண்டிப் போய்ப் பார்க்கலாம் என்று அவள் புருஷன் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "போகட்டும். தேடாதீக," என்றாள். முள்ளில் இருந்த பஞ்சைக்கூட எடுக்கவில்லை. சாய்ந்த கீற்றை நிமிர்த்தி வைத்துவிட்டு இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் கீழே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் மட்டும் ஓடைக்கரையில் நின்றுகொண்டே இருந்தார். என் கணவர் அவர் தோளில் கை வைத்ததும் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தோம்.

அந்த வாரமே குரங்குகள் இறங்கிவிட்டன என்று பிறகு சொன்னார். இரண்டு பேரும் வரப்பில் நின்று பார்த்தார்களாம். அவள் விரட்ட விடவில்லை. இப்போது அந்தத் துண்டில் சோளம் போடுவதில்லை, அதையும் திராட்சைப் பந்தலாக்கி வலை கட்டிவிட்டார்கள். போன அறுவடைக்குப் போயிருந்தோம். அவள் கொத்து வெட்டிக்கொண்டிருந்தாள். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. என் மகளுக்கென்று ஒரு பெட்டி நிறைய அடுக்கிக் கொடுத்தாள். கரட்டின் பக்கம் பேச்சு போகவில்லை. ஆனால் வெட்டுக்கு நடுவில், பந்தலின் விளிம்பில் வந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து மலையைப் பார்த்துவிட்டுப் போவதைக் கவனித்தேன். புருஷன் அவளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு அடுத்த வரிசைக்குக் கொத்து வெட்டப் போனார்.

திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. பெட்டி என் மடியில் கனத்தது. மண்பாதை வளைவில் என் கணவர் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். முன்னால், இடிந்த தொட்டிச் சுவர் மேல் ஏதோ ஒன்று படுத்திருந்தது. சாக்காக இருக்கலாம். நாயாக இருக்கலாம். பைனாகுலர் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அது அசையுமா என்று பார்த்தபடி இருந்தோம். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு அவர் வண்டியை மெதுவாகத் திருப்பினார். சுற்றுப்பாதையாக, சின்னமனூர் வழியாக வீடு வந்து சேர்ந்தோம்.